மாடியில் நின்ற படகு

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து, வாடகை நாற்காலிகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு ஜெபின் கை கழுவிக்கொண்டிருந்தான். கேட்டுக்கு வெளியே ஒருவர், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்ற யோசனையில் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா, அக்குளில் ஒரு ரெக்சின் பை. ஜெபத்துக்கு வந்து நேரம் தப்பியவர் என்று நினைத்து உள்ளே கூப்பிட்டான். வந்தவர் சுவரில் மாட்டியிருந்த அப்பா யேசுதாசனின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பெயர் சம்பத் என்றும், முடிச்சூர் ரோட்டில் சிமெண்டு, கம்பி வியாபாரம் என்றும் சொன்னார்.

"இன்னிக்கி வந்து இதப் பேசறதுக்கு மனசு கூசுது தம்பி. ஆனா தள்ளிப்போட்டா நல்லா இருக்காது" என்று பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். புரோநோட்டு. ரெவின்யூ ஸ்டாம்பின் குறுக்கே அப்பாவின் கையெழுத்து, கடைசி எழுத்தின் வாலை நீட்டி இழுக்கும் அதே கையெழுத்து. பின்பக்கம் அவர் அவ்வப்போது கொடுத்த தொகைகள் வரிவரியாக இருந்தன. "ஒரு லட்சத்து நாப்பது பாக்கி கீது."

"எதுக்கு வாங்கினாரு?"

"போட்டு வாங்க."

"என்னது?"

"போட்டு தம்பி. தண்ணியில போவுமே, படகு."

ஜெபின் திரும்பி அம்மாவைப் பார்த்தான். சரசு சுண்டல் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு மிச்சத்தை ஒரு டப்பாவுக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. பிறகு மாற்றுவதைத் தொடர்ந்தாள்.

யேசுதாசன் முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில் லைன்மேன். தாம்பரத்தைச் சுற்றி அவர் ஏறாத கம்பம் இல்லை. உயரம் அவருக்குப் பழக்கம். தண்ணீரோடு அவருக்கு எந்த உறவும் கிடையாது. கடற்கரைக்குக் கூட்டிப்போனால் பேன்ட்டைக் கணுக்கால்வரை மடித்துக்கொண்டு, அலை வரும்போது இரண்டடி பின்னால் வந்துவிடுவார். அப்படிப்பட்டவர் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் கடன் வாங்கிப் படகு வாங்கினார் என்பதைவிட, நோட்டில் இருந்த தேதிதான் ஜெபினை உறுத்தியது. இரண்டாயிரத்துப் பதினேழு, பிப்ரவரி. அந்த மாதம்தான் குவைத்தில் ஒரு கார் கம்பெனி வேலைக்கு அவனுக்கு ஒரு ஏஜென்ட் சரிசொல்லியிருந்தான். இரண்டரை லட்சம் கட்ட வேண்டும். ரிட்டயர்மென்ட் பணமெல்லாம் அக்கா ஷீலாவின் கல்யாணத்தில் போய்விட்டது என்று தெரிந்தும், எங்கேயாவது புரட்டித் தருவார் என்று நம்பிக் கேட்டான். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு "எங்கிட்ட இல்லடா" என்றார். அவ்வளவுதான். குவைத் போயிற்று. கூடுவாஞ்சேரியில் பைக் ஷோரூம் சர்வீஸ் வேலைதான் நிலைத்தது. அதற்குப் பிறகு அப்பனுக்கும் மகனுக்கும் நடுவே இருந்த பேச்சு, சாப்டியா, வண்டிக்கு பெட்ரோல் இருக்கா என்ற அளவில் எட்டு வருஷம் ஓடியது. ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் வாஷ்பேசினைப் பிடித்தபடியே உட்கார்ந்தார். அதோடு அதுவும் நின்றது.

சேலையூரில் தெரிந்த வக்கீலிடம் போனான். உயில் எழுதி வைத்தாரா என்று அவர் கேட்டார். இல்லை. வீடு அம்மா பெயரில், அவளுடைய அப்பா கொடுத்தது. யேசுதாசன் பெயரில் இருப்பது ஊரப்பாக்கத்தில் அரை கிரவுண்டு மனை மட்டும்.

"அப்பா கடனுக்குப் பிள்ளை தன் கைக்காசைப் போட்டுக் கட்டணும்னு சட்டம் இல்லைங்க. அவர் விட்டுட்டுப் போன சொத்து எவ்வளவோ அதுக்குள்ளதான் கேக்க முடியும். அதுவும் இந்த நோட்டுல கடைசியா பணம் குடுத்துக் கையெழுத்துப் போட்டு மூணு வருஷம் தாண்டிடுச்சு. கோர்ட்டுல நிக்காது. அம்மா, நீங்க, அக்கா, மூணு பேரும் வாரிசு. மனையிலயும் மூணு பேருக்கும் உரிமை." வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நிஜமாவே ஒரு படகு இருந்தா, அதுலயும்தான்."

சம்பத்தே போனில் ஒரு வழி சொன்னார். கோவளத்தில் ஒருவன் பழைய ஃபைபர் படகு கேட்டுக்கொண்டிருக்கிறான். படகைக் கொடுத்துவிட்டால் நோட்டைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார். ஷீலா மதுரையிலிருந்து, "குடுத்துத் தலை முழுகுடா, மனையை வித்துப் பங்கு போட்டுக்கலாம்" என்றாள். தன் பங்கில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் போடும் கணக்கு ஜெபினுக்கும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சம்பத் சொன்ன விலாசத்துக்கு வண்டியை விட்டான். படகைப் பார்த்து, நாலு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது.

முடிச்சூர் தாண்டி, அடையாற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் நகர்களில் ஒன்று அது. புதிதாகக் கட்டிய வீடுகளெல்லாம் ஆளுயர மேடையின் மேல் நின்றன. வாசலுக்குப் போகப் பன்னிரண்டு படி, பதினான்கு படி. பழைய வீடுகள் ரோட்டுக்குக் கீழே இறங்கி, எதையோ கேட்பதுபோல் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. மூன்றாவது தெருவின் முனையில் மாடி வைத்த ஒரு வீட்டைப் பார்த்ததும் ஜெபின் வண்டியை நிறுத்திவிட்டான். முதல் மாடியின் மேல் மொட்டைமாடி. அதன் கைப்பிடிச் சுவரில் ஒரு பக்கம் முழுக்க இடித்து எடுக்கப்பட்டு, அங்கே பச்சை பெயின்ட் அடித்த இரட்டைக் கதவு இரும்பு கேட் இருந்தது. தாழ்ப்பாள், பூட்டு, எல்லாம் சரியாக இருந்தன. அதைத் திறந்தால் வெறும் ஆகாயம். யாரும் போக முடியாத, யாரும் வர முடியாத இடத்தில் ஒருவர் வாசல் வைத்திருந்தார். வண்டியின் மேல் உட்கார்ந்தபடியே அவன் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாசண்ணன் மவனா?" கீழ்வீட்டுக் கதவைத் திறந்த பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தவள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. "மூஞ்சியே சொல்லுதே. நா ஜெயக்கொடி. சாவுக்கு வந்துட்டு வெளியவே நின்னுட்டுப் பூட்டேன். இன்னாருன்னு என்னத்தச் சொல்லிக்கினு உள்ள வர்றது? வாங்க, மேல போலாம்."

படி ஏறி வெயிலுக்குள் தலையை நீட்டினான். பதினாறு அடி நீளம், வெளியே நீலம், உள்ளே வெள்ளை. தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே, லாரி டயர்களின் மேல், மூக்கை அந்தப் பச்சைக் கேட்டுக்கு நேராக வைத்துக்கொண்டு படகு உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் தண்ணீர்த் தொட்டிகள், டிஷ் ஆன்டெனாக்கள், துணிக்கொடிகள். அத்தனை வீடுகளின் உச்சிக்கு நடுவே அது மட்டும் வேறு ஒரு உலகத்திலிருந்து வந்து இறங்கியதுபோல் இருந்தது. பக்கத்தில் இரும்புத் தூண் ஒன்று தளத்தில் ஆழப் பதிக்கப்பட்டு, அதன் உச்சியிலிருந்து ஒரு நீண்ட கை கிளம்பியது. கையின் முனையில் பாரம் தூக்கும் செயின் பிளாக். சங்கிலிக்கு கிரீஸ் போட்டு, மேலே பாலிதீன் சுற்றி, சணலால் கட்டியிருந்தது. கட்டின் முடிச்சைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. வீட்டில் கொசுவலைக்கும் அப்பா அதே முடிச்சுதான் போடுவார்.

"இத எதுக்கு மேல வெச்சாரு?" என்று கேட்டான்.

"கீழ வெச்சா மொத தண்ணியிலயே அடிச்சிக்கினு பூடும். தண்ணி ஏறி வந்து நிக்கிற எடத்துக்கு இது எறங்கி வரணும்னாரு." ஜெயக்கொடி படகின் விளிம்பைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "ரெண்டாயிரத்துப் பதினைஞ்சுல வெள்ளம் வந்தப்ப நானும் எங்க வூட்டுக்காரரும் இந்த மாடியிலதான். அவரு பேரு ரத்தினம். சுகரு, ஹார்ட்டு ரெண்டும். மாத்திரையெல்லாம் கீழ ஃப்ரிட்ஜோட போச்சு. ரெண்டாம் நாளு சாயங்காலம் தாசண்ணன் அந்த முனையில வந்தாரு. கரண்ட்டு லைன் அறுந்து கெடக்குதான்னு பாக்க வந்தவரு. நாங்க கத்துறதக் கேட்டுட்டு, கம்பத்துல கயித்தக் கட்டி இடுப்புல சுத்திக்கினு எறங்கினாரு. நீஞ்சத் தெரியாது அவருக்கு. தெரியுமா ஒங்களுக்கு? மூணு வாட்டி எறங்கினாரு. மூணு வாட்டியும் தண்ணி இழுத்துச் செவுத்துல அடிச்சுது. இந்தா, இங்கேர்ந்து அந்தக் கம்பம். பாருங்க எவ்ளோ தூரம்."

ஜெபின் பார்த்தான். முப்பது கெஜம் இருக்காது. கம்பத்தடியில் ஒருவர் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வெளிச்சம் வந்ததும் வந்துடறேன்னு கத்தினாரு. போவல. ராவெல்லாம் அந்தக் காம்பவுண்டு மேலயே குந்திக்கினு இருந்தாரு. விடியறப்ப நா எங்க வூட்டுக்காரரு மொகத்த மூடி என் பொடவையப் போத்தினேன். அத அவரு அங்கேர்ந்து பாத்துக்கினு இருந்தாரு." அவள் குரல் மாறவில்லை. பலமுறை தனக்குள் சொல்லி மழுங்கிய வார்த்தைகள். "ஒரு வருசம் கழிச்சு ஒரு நோட்டுப் புஸ்தகத்தோட வந்தாரு. இந்தத் தூணு, கேட்டு, எல்லாம் பென்சில்ல வரைஞ்சு வெச்சிருந்தாரு. 'உங்க மாடி வேணும்மா'ன்னாரு. நா சரின்னேன். வேற இன்னா சொல்றது?"

அவள் பாலிதீனை அவிழ்த்தாள். படகின் வயிற்றுக்கடியில் இருந்த இரண்டு பட்டைகளைக் கொக்கியில் மாட்டினாள். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்த விதத்தில் அவளுக்கு இது புதிதல்ல என்று தெரிந்தது. சங்கிலியை அவன் கையில் கொடுத்தாள். "இழுங்க."

அவன் இரண்டு கையாலும் பலம் கூட்டினான். பலமே தேவைப்படவில்லை. கிணற்றில் காலி வாளியை இழுப்பதுபோல் சங்கிலி வந்தது. கிடுகிடுவென்ற சத்தத்துடன் அந்த நீளப் படகு டயர்களை விட்டு ஒரு விரல், ஒரு சாண், ஒரு முழம் எழும்பியது. அவன் ஒரு கையை எடுத்துவிட்டான். ஒரு கைக்கே வந்தது. நாலு ஆள் தூக்க முடியாத அந்தப் படகு ஆடாமல், அசையாமல் அவன் நெஞ்சுயரத்தில் காற்றில் நின்றது. ஜெயக்கொடி இரும்புக் கையை ஒரு விரலால் தள்ள, படகு கேட்டை நோக்கி மெதுவாகத் திரும்பியது. அப்பா பத்தாவது பெயிலான மனிதர். மிக்ஸி ரிப்பேர் ஆனால் கடைக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிப்பவர். ஒற்றை ஆள், வயதான ஒரு ஆள், ஒரு பொம்பளை ஆள் இழுத்தாலும் போதும் என்று கணக்குப் போட்டு, எத்தனை இரவுகள் அந்த நோட்டுப் புஸ்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்?

கீழே கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தான். எதிர்வீட்டில் ஒரு பாட்டி வாசற்படியில் நின்று நெற்றியில் கைவைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் மகன் ஷேவிங் நுரையோடு பனியனில் வந்து நின்றார். ஒரு பெண் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்க வேண்டும், கையில் கரண்டி. மேகமே இல்லாத வெயில். பாட்டிதான் கேட்டாள்: "ஏம்மா ஜெயா! ஏரித் தண்ணியத் தொறந்துட்டானா? படகு எறங்குதே?"

"இல்லக்கா! சும்மாதான்! தாசண்ணன் மவன் வந்துகிறாரு, காட்டறேன்!"

தெருவே அவனைப் பார்த்தது. பனியன்காரர் நுரையைத் துடைத்துக்கொண்டு கையைத் தூக்கினார், வணக்கம் மாதிரி. ஜெபின் சங்கிலியைப் பிடித்தபடியே நின்றான்.

மாடியிலிருந்து இறங்கும்போது ஜெயக்கொடி, "இருபத்தி மூணுல மூணு நாளு ஓட்டினோம். அவரு பின்னாடி, நா முன்னாடி. எத்தினி பேருன்னு நாங்க எண்ணல" என்றாள். கடைசிப் படியில் நின்றாள். "ஒரு வாட்டி சொன்னாரு, இது எம் பையனுக்குப் போயிருக்க வேண்டிய காசும்மா, அவன் மொகத்தப் பாக்க முடியலன்னு. அதுக்கப்பறம் அந்தப் பேச்சையே எடுக்கல. நானும் கேக்கல."

போட்டோ எடுக்க மறந்துபோயிருந்தான். வழியில் பெருங்களத்தூர் பாலத்துக்குக் கீழே வண்டியை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் நின்றான். கோபப்பட்டுப் பார்த்தான். எட்டு வருஷமாகக் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்த கோபம்தான். அது அங்கேயேதான் இருந்தது. ஆனால் அதைத் தூக்கிப் பிடிக்க, அந்த மூன்று முறை தண்ணீரில் இறங்கிய மனிதரைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டியிருந்தது. அது அவனால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். சரசு கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.

"இருபத்தி மூணு டிசம்பர்ல மூணு நாள் வரல. வந்தப்ப உள்ளங்கை ரெண்டும் உரிஞ்சு கெடந்துச்சு. கேபிள் இழுத்தேன்னாரு. ரிட்டயர்டு ஆன மனுஷனை எவன் கேபிள் இழுக்கக் கூப்புடுவான்? முப்பது வருஷம் அந்தக் கைக்கு எண்ணெய் போட்டவ நான். அது கேபிள் காயம் இல்ல."

"ஏம்மா கேக்கல?"

சரசு ஒரு முற்றிய தண்டை ஒடித்து ஒதுக்கினாள். "கேட்டுட்டா நிறுத்திடுவாரோன்னு இருந்துச்சுடா."

மறுநாள் மாலை சம்பத்தின் கடைக்குப் போனான். படகைக் கொடுக்கப் போவதில்லை என்றும், பழைய நோட்டை வாங்கிக்கொண்டு தன் பெயரில் புது நோட்டு எழுதிக்கொள்ளும்படியும், மாதம் ஐந்தாயிரம் தருவதாகவும் சொன்னான். சம்பத் ஒரு லாரிக்கு பில் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வக்கீலாண்ட போனியா?"

"போனேண்ணா."

"நோட்டு செத்துப்போச்சுன்னு சொல்லியிருப்பானே."

"சொன்னாரு."

சம்பத் அவனை மேலும் கீழும் பார்த்தார். "வட்டி வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சிக்கினு வந்துடாத தம்பி. எனக்கும் பொழப்பு கீது."

"நெனைக்கலண்ணா."

சம்பத் மேசை டிராயரைத் திறந்து ஸ்டாம்பு தேடினார். நாக்கில் தொட்டு ஒட்டினார். ஜெபின் கையெழுத்துப் போட்டான். போனில் ஷீலா கத்தித் தீர்த்தாள்: அவள் பங்கிலிருந்து ஒரு பைசா தரமாட்டாள், குவைத்துக்கு இல்லாத காசுக்கு இப்போது இவன் வட்டி கட்டுவானா, குடும்பமே கிறுக்குக் குடும்பம். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. மனை விற்றால் அவள் பங்கு அவளுக்கு முழுசாக வரும் என்றான். படகைப் பற்றி மட்டும் ஒரு வாரம் கழித்து அவளாகவே கேட்டாள். "என்ன கலர்டா அது?"

நவம்பர் கடைசியில் மழை நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை ஆறே காலுக்கு ஜெயக்கொடியிடமிருந்து போன். "தண்ணி வாசக் கேட்டாண்ட வந்துடுச்சி தம்பி." ஷோரூமுக்கு லீவு சொன்னான். அம்மா ஒரு பையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியும் பழைய வேட்டித் துணியும் வைத்துக் கொடுத்தாள். வண்டி பாதி தூரம்தான் போயிற்று. மீதியை இடுப்பளவுத் தண்ணீரில், மதில்களைத் தொட்டுத் தொட்டு நடந்தான். அவன் போய்ச் சேர்ந்தபோது தெருவில் கரண்ட்டை நிறுத்தச் சொல்லியாகிவிட்டது. ஜெயக்கொடி நைட்டியின் மேல் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு, பச்சைக் கேட்டைத் திறந்து வைத்திருந்தாள்.

சங்கிலியை அவன் மெல்ல மெல்ல விட்டான். படகு மாடி விளிம்பைத் தாண்டி, மழைக்குள், சுவரை உரசாமல் இறங்கியது. கீழே தண்ணீரைத் தொட்டதும் பட்டைகள் தொய்ந்தன. இத்தனை நாள் ஊருக்கு உச்சியில் அவ்வளவு பெரிதாக இருந்தது, தண்ணீரில் ஒரு இலை மாதிரி ஆடியது. ஜெயக்கொடி கீழ்வீட்டு ஜன்னல் சன்ஷேடிலிருந்து பழகிய காலால் உள்ளே இறங்கி, நீளக் கழியை எடுத்துக்கொண்டு முன்னால் நின்றாள். "பின்னாடி குந்துங்க. துடுப்ப எடுத்து நா சொல்ற பக்கம் மட்டும் தள்ளுங்க."

தெரு அவர்களுக்கு முன்னால் திறந்தது. இரண்டு பக்கமும் கார்களின் கூரைகள் மட்டும் தெரிந்தன. படகு இறங்கியதைப் பார்த்துவிட்டதால் மாடிகளில் யாரும் கூச்சல் போடவில்லை. பைகளைக் கட்டி வைத்துக்கொண்டு, அவரவர் முறைக்கு நின்றிருந்தார்கள். சின்னக் குழந்தைகளும் நின்றன. கழி தரையைத் தொடும் சத்தமும் மழைச் சத்தமும் மட்டும். எதிர்வீட்டு மாடிப்படியின் பாதியில் படகை அணைத்தார்கள். பனியன்காரர் தன் அம்மாவை இரண்டு அக்குளிலும் பிடித்துக் கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி நீட்டினார். மழையில் பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. தரை எங்கே என்று காலால் காற்றில் தேடினாள். ஜெபின் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். படகு ஒருபக்கம் சாய்ந்தது. சமாளித்துக்கொண்டு இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அந்தக் காலுக்கடியில் நீட்டினான். விரைத்து, சுருங்கி, மெட்டி தேய்ந்த ஒரு பாதம் அவன் கைகளைத் தொட்டது. ஒரு கணம் தயங்கியது. பிறகு முழுப் பாரத்தையும் அதில் வைத்தது.